குதிரையால் அளந்த வண்டி

நாலு கால் உண்டு, ஓரடி நடக்க மாட்டார். ஆயிரம் பிள்ளைகளைச் சுமந்திருப்பார், ஒரு பிள்ளையையும் அடுத்த தெருவுக்குக் கூட்டிப் போயிருக்க மாட்டார். அவர் யார்? சொல்லுங்கள் அண்ணாச்சி. விளாத்திகுளம் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

பள்ளிக்கூட பெஞ்சா? நல்ல விடைதான். நான் நினைத்த விடை அது இல்லை. கட்டிலா? கட்டில் எங்கே ஆயிரம் பிள்ளைகளைச் சுமக்கிறது? ராட்டினக் குதிரை, அண்ணாச்சி. நம் தொழில் அதுதான். கோவில் பொங்கல், கொடை எங்கே நடந்தாலும் ஓரத்தில் ஒரு குடை ராட்டினம் நிற்கும் பாருங்கள், கையால் தள்ளிச் சுற்றுவது. ஆறு மரக்குதிரை. என் பெயர் பால்வண்ணன். கோவில்பட்டிதான் ஊர்.

அந்த ஆறு குதிரைகளில் ஒருவர் இப்போது நமக்குப் பின்னால் வருகிற என் புது வண்டியில், பின் சீட்டில், சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்துகொண்டிருக்கிறார். வண்டி வாங்கிய நான் உங்கள் பக்கத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன்? இது இரண்டாவது விடுகதை. இதற்கு நீங்கள் விடை சொல்ல வேண்டாம். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஏளா சுபி, கையை உள்ள வை.

என் மகள்தான். அதோ, கண்டக்டர் சீட்டுக்கு முன்னால், ஜன்னல் ஓரம். சுபிக்ஷா என்று பெயர். ஒன்பது வயது. அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த வண்டியே.

இதுவரை வாடகை லோடு வண்டியில்தான் போவோம். டிரைவர், நான், என் வீட்டுக்காரி சண்முகக்கனி, அவள் மடியில் சுபி. போன பங்குனியில் கழுகுமலைக்குப் போகும்போது அந்த டிரைவர் வழியெல்லாம் ஒரே பல்லவி. "பாப்பா, காலை எடு. கியர் விழ மாட்டேங்குது." பிள்ளை காலை எங்கே எடுக்கும்? வளர்கிற கால். ஒரு மேட்டில் வண்டி இழுக்க முடியாமல் நின்றே போயிற்று. பிள்ளை முட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குச் சண்முகக்கனி சொல்லிவிட்டாள். "அடுத்த வருசம் இவ இன்னும் வளந்துருவா. சீசன் முடியுத மட்டும் கயத்தாத்துல எங்க அக்கா வீட்டுல விட்டுட்டுத்தான் போவணும்."

அது நடக்கிற காரியமா? நீங்கள் ராட்டினம் சுற்றிப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். குதிரையைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் அழும். அப்பா தூக்கி வைத்தாலும் அழும், அம்மா தூக்கி வைத்தாலும் அழும். சுபி போய் நின்று, "உனக்குச் செவலை, உனக்கு மயிலு"ன்னு ஆளுக்கொரு குதிரையைக் காட்டினால் அழுகை நின்றுவிடும். ஆறு குதிரைக்கும் பெயர் வைத்தவளே அவள்தான். அவள் இல்லாத ராட்டினத்தைத் தள்ள எனக்குக் கை வராது. தொழில் இருக்கட்டும், அவள் இல்லாமல் இரண்டு மாதம் ஊர் ஊராக அலைய முடியுமா என்னால்?

அங்கேயே முடிவு செய்தேன். சொந்த வண்டி. அதில் என் பிள்ளைக்கென்று ஒரு சீட். ஜன்னல் ஓரம்.

வண்டி வாங்குவது லேசு என்று நினைத்தேன். கடைக்குப் போய், பிக்கப் ஒன்று கொடுங்கள் என்றால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கே பெனாசிர் என்று ஒரு பெண், சின்ன வயது, ரொம்ப மரியாதை. "சார், சிங்கிள் கேபினா, டபுள் கேபினா? பாடி எத்தனை அடி? பவர் ஸ்டீயரிங்கா? ஏசி வேணுமா? பக்கக் கதவு மூணும் திறக்கிற மாதிரியா, பின்கதவு மட்டுமா?" கேட்டுக்கொண்டே போகிறது. நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

விஷயம் இதுதான் அண்ணாச்சி. சிங்கிள் கேபின் என்றால் முன்னால் ஒரே வரிசை சீட், பின்னால் சரக்கு ஏற்றுகிற பாடி ஒன்பது அடி. டபுள் கேபின் என்றால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை, நாலு கதவு. ஆனால் பாடி ஆறடிதான். சீட்டைக் கூட்டினால் பாடி குறையும், பாடியைக் கூட்டினால் சீட் குறையும்.

சண்முகக்கனி ஒரே பிடி. "ஒம்பது அடி. ஆறு குதிரையும் போக, அடுப்பு, தண்ணி டிரம்மு எல்லாம் ஏத்தலாம்." அவள் தம்பி இசக்கிராஜா, அவன்தான் வண்டி ஓட்டப் போகிறவன், அவனுக்கு அடுப்பும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். "அத்தான், பவர் ஸ்டீயரிங் மட்டும் விட்டுராதீங்க. பாட்டுப் பெட்டியும் வச்சிருங்க." அவனவனுக்கு அவனவன் கவலை. பிள்ளையை நினைத்தது நான் ஒருவன்தான்.

ஆனாலும் நான் அடம்பிடிக்கிற ஆள் இல்லை. பிள்ளைக்கு எது வேண்டுமோ அது. வீட்டுக்கு வந்து ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தைக் காட்டி, கலர் பென்சிலும் கொடுத்தேன். "ஏளா, உனக்கு எந்த மாதிரி வண்டியில போவணும்? வரைஞ்சு காட்டு, அப்பா வாங்கிருதேன்" என்றேன்.

"எந்த வண்டினாலுமா?" என்றாள்.

"எந்த வண்டினாலும்" என்றேன்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். இந்தாருங்கள், சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். பிரித்துப் பாருங்கள். நீளமான வண்டி. மஞ்சள் கலர். வரிசையாக ஜன்னல், ஒன்பது இருக்கிறது, பிள்ளை கை, எண்ணிக்கை கூடிவிட்டது. பின்னால் ஏணி. நெற்றியில் ஒரு போர்டு, அதில் 'விளாத்திகுளம்' என்று எழுதியிருக்கிறாள். புது வண்டியின் முதல் சவாரி இந்தச் சித்திரைப் பொங்கலுக்கு விளாத்திகுளம் பக்கம்தான், அதை ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறாள் பாருங்கள். பின்வாசலில் ஒரு ஆள் நிற்கிறார், வாயில் விசில். அது நான்தான். ராட்டினத்தை நிறுத்தும்போது நான் விசில் ஊதுவேன். கையில் ஒரு பை கொடுத்திருக்கிறாள், அது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? நன்றாக வரைந்திருக்கிறாள், இல்லையா? எல்லோரும் அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இத்தனை ஜன்னல் என்றால் என்ன அர்த்தம்? டபுள் கேபின். பிள்ளை மனசு பெற்றவனுக்குத் தெரியாதா?

அடுத்து அளவு. அளவு விஷயத்தில் நான் கண்டிப்பு, அண்ணாச்சி. எங்கள் தொழிலில் டேப் பிடிக்கிற வழக்கம் இல்லை. எதையும் குதிரையால்தான் அளப்போம். கோவில் வாசலில் இடம் கேட்டாலும், "எட்டுக் குதிரை நீளம், எட்டுக் குதிரை அகலம்" என்றுதான் கேட்போம். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படி. டேப் வெயிலில் நீளும், மழையில் நனையும். குதிரை அப்படியே இருக்கும்.

அதனால் புள்ளியைத் தூக்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். புள்ளி என்றால் வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த குதிரை. ஏன் புள்ளி என்றால், ஆறில் அதுதான் கனம் குறைவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பசுவந்தனையில் ஒரு பிள்ளையின் தகப்பனார், நல்ல கனத்த ஆள், தடுமாறி அதன் வாலைப் பிடித்தார். வால் அவரோடு போய்விட்டது. வால் இல்லாததால் மொபெட்டில் வைத்துக் கட்ட வசதி.

கடை வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். "குதிரையை உள்ள விட முடியாதுங்க."

"இது குதிரை இல்லைங்க, அளவுகோல்" என்றேன்.

பெனாசிர் வந்து பார்த்தது. என்னைப் பார்த்தது, குதிரையைப் பார்த்தது. "சார், பாடி அளவு இந்த நோட்டீஸ்லயே இருக்கு. மில்லிமீட்டர்ல போட்டிருக்கோம்" என்றது. மில்லிமீட்டர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லையம்மா என்று சொல்லி, டபுள் கேபின் பாடியில் புள்ளியை ஏற்றினேன். நீளத்துக்கு இரண்டு குதிரை. அகலத்துக்கு மூன்று குதிரை, போக ஓரத்தில் ராட்டினத்தின் கைகளை அடுக்கவும் இடம். இரண்டு மூன்று ஆறு. பின்கதவு அச்சாக மூடியது. நடுக்கம்பம் கேபினுக்கு மேலே கேரியரில். முடிந்தது வேலை. நான் அளந்துகொண்டிருந்த அரை மணி நேரமும் அந்தக் கடையில் வேறு வியாபாரம் நடக்கவில்லை, எல்லோரும் என்னைச் சுற்றித்தான் நின்றார்கள். ஒருத்தர் போட்டோவும் எடுத்தார்.

அப்புறம் பிள்ளையின் படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். "இந்த மாதிரியே வேணும்மா."

பெனாசிர் ரொம்ப நேரம் பார்த்தது. "சார், இது வந்து..." என்று இழுத்தது.

"ஆமாம்மா, என் மகள் வரைஞ்சது. ஸ்கூல்ல முதல் பரிசு" என்றேன்.

"இல்ல சார், பாப்பா வரைஞ்சிருக்கது..."

"மஞ்சள் கலர் இல்லையா உங்ககிட்ட? பரவாயில்லை, வெளியே அடிச்சுக்கிடுதேன்" என்றேன். அதற்கு மேல் அது பேசவில்லை. நல்ல பெண், எதிர்த்துப் பேசத் தெரியாது.

வீட்டில் வந்து சொன்னதும் சண்முகக்கனி முகம் சுருங்கிவிட்டது. "ஆறடிக்குள்ள ஆறு குதிரையா?"

"அளந்தாச்சு" என்றேன்.

"எந்தக் குதிரைய வச்சு அளந்தீங்க?"

இது ஒரு கேள்வியா, சொல்லுங்கள். எந்தக் குதிரை என்றால்? "நம்ம குதிரைதான்" என்றேன். அடுப்பும் டிரம்மும் போய்ச் சேருகிற ஊரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தேன்.

வண்டி வந்தது. நேரே பெயிண்டரிடம் கொண்டுபோனேன். மஞ்சள் அடித்தார். பின்னால் ஏணி வைத்தோம். நெற்றியில் போர்டு. பெயிண்டர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணாச்சி, உங்க ராட்டினம் பேரைப் போட்டாச் சரி. 'விளாத்திகுளம்' எதுக்கு?"

"பிள்ளை எழுதியிருக்கா. அப்படியே போடுங்க. கீழே சின்னதா 'சுபிக்ஷா ராட்டினம்'னு போடுங்க" என்றேன்.

இசக்கிராஜா அந்தப் படத்தை அப்போதுதான் பார்த்தான். பார்த்துவிட்டு டயரின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறான், சிரிக்கிறான். "அத்தான், விசிலும் பையும் மறந்துட்டீங்களே" என்றான். வாயாடி. நான் கண்டுகொள்ளவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த வண்டிக்கு ஒரு ராசி. கோவில்பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். ரோட்டில் நிற்கிறவர்களெல்லாம் கை காட்டுகிறார்கள். ஒரு பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் புது வண்டிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. நானும் எல்லோருக்கும் கை காட்டினேன்.

சுபியா? சுபி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். ஏணியில் ஏறி இறங்கினாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான். சந்தோஷம் அதிகமானால் பிள்ளைகளுக்குப் பேச்சு வராது.

ஏளா, தலையை நீட்டாத. கண்டக்டர் வைவாரு.

கண்டக்டர் எங்கே வைகிறார். அவளிடம்தான் ஸ்டாப் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்கு எல்லாம் அத்துப்படி. எங்கள் வீட்டு வாசல் மெயின் ரோடு, பள்ளிக்கூடம் எதிர்த்தாற்போல். காலையில் எட்டரைக்கே யூனிபார்ம் போட்டு வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், மணி அடிக்கிற மட்டும். படிப்பில் அவ்வளவு ஆர்வம். பொங்கல் நடக்கிற இடத்தில் கீழே கிடக்கிற பஸ் டிக்கெட்டையெல்லாம் பொறுக்கி நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். சுத்தம் பார்க்கிற பிள்ளை. ராட்டினத்துக்கு வருகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்பாள். ராட்டினத்தில் படியே கிடையாது. இருந்தாலும் தொழில் பழகுகிறாளே என்று எனக்குப் பெருமை.

பிறந்ததிலிருந்து அவளைப் பஸ்ஸில் ஏற்றியதில்லை நான். இந்தக் கூட்டத்தில், இந்த இடியில் பிள்ளையை அலைய விடலாமா? எங்கே போனாலும் நம் லோடோடு பத்திரமாகத்தான் கூட்டிப் போயிருக்கிறேன்.

சரி, இன்றைக்குக் காலைக்கு வருகிறேன். ஏழு மணிக்குக் குதிரை ஏற்ற ஆரம்பித்தோம். முன்வரிசையில் வெள்ளையன், செவலை, மயில். மூன்றும் முகம் முன்பக்கம். இரண்டாவது வரிசை வைத்தால் பின்கதவு மூடவில்லை. தள்ளிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். ஒரு அடி வெளியே நிற்கிறது. இசக்கிராஜா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அத்தான், இதுக்கெல்லாம் வால் இருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். வாலுக்கு அரை அடி. இரண்டு குதிரைக்கு ஒரு அடி. அளவு விஷயத்தில் நான் கண்டிப்பு, ஆனால் வாலை யார் நினைப்பார்கள்?

சண்முகக்கனி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அன்னைக்கே கேட்டேன், எந்தக் குதிரைனு."

"கேட்டே. ஏன் கேட்கேனு சொன்னியா?" என்றேன்.

"வாலை அறுத்துருவோமா அத்தான்?" என்கிறான் இவன். சுபி ஓடி வந்து மயிலின் வாலைப் பிடித்துக்கொண்டாள். வாலை அறுக்கிற பேச்சே கிடையாது என்றேன்.

கடைசியில் சண்முகக்கனிதான் வழி கண்டாள். பின்வரிசையில் இரண்டு குதிரையை, கறுப்பனையும் ராஜாவையும், குறுக்கு வாட்டில் நிறுத்தினாள். பின்கதவு மூடிவிட்டது. ஐந்து குதிரை உள்ளே. ஒன்று பாக்கி. புள்ளி.

புள்ளியை எங்கே வைக்க? கேரியரில் கம்பம். கேபினில் இசக்கிராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தால் கியர் போட முடியாது. பின் சீட்டுக் கதவைத் திறந்து குறுக்கே உட்கார வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்திற்று. வால் இருந்திருந்தால் பிள்ளைக்கு இடம் பற்றியிருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் நல்லதுக்குத்தான். ஜன்னல் ஓரம் ஒன்றரை அடி இடமும் மிச்சம். சுபிக்குத் தாராளம். பெல்ட்டை இழுத்துப் புள்ளிக்குப் போட்டுவிட்டேன். நானும் சண்முகக்கனியும் முன் சீட்டில். எல்லாம் கச்சிதம்.

"ஏறு" என்றேன் சுபியிடம்.

அவள் ஏறவில்லை. புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வருஷமாகப் பிள்ளைக்கு ஒரு சீட், ஒரு சீட் என்று பேசி, அதில் குதிரையை உட்கார வைத்துவிட்டோமே. கோபித்துக்கொண்டு கயத்தாறு பெரியம்மா வீட்டுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் நான் என்ன செய்வேன்? "புள்ளியை இறக்கிருதேன்ளா. அஞ்சு குதிரையே போதும்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். பெல்ட்டைக் கழற்றக் கை வைத்துவிட்டேன்.

"வேண்டாம்ப்பா. பிள்ளைங்க புள்ளியத் தேடும்" என்றாள்.

"அப்போ முன்னால அம்மா மடியில?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் சண்முகக்கனி சொன்னாள். "நீங்களே சொல்லிட்டு இருக்கீங்களே. அவளுக்கு எதுல வரணும்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

கேட்டிருக்கிறேனே, படமே வரைய வைத்துக் கேட்டிருக்கிறேனே, என்றேன். இசக்கிராஜா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்குகிறது. சரி, இன்னொரு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது. அவள் உயரத்துக்குக் குனிந்து, "உனக்கு எதுலளா வரணும்?" என்று கேட்டேன்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். டிக்கெட் கட்டி வைத்திருந்த நூலை விரலில் சுற்றினாள்.

"எட்டு நாப்பதுக்கு விளாத்திகுளம் பஸ் இருக்கு. நான் அதுல வாரேன்" என்றாள்.